மூன்று மணி மாத்திரை

"காபி போடட்டுமா?" என்று இஸ்க்ரா கேட்டதற்கு லூபென் தலையை மேலும் கீழுமாக அசைத்தான். வேண்டாம் என்கிறான் என்று நினைத்து அவள் பித்தளைக் கிண்ணியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கழுவி வைத்த கோப்பைகளையே மறுபடியும் கழுவத் தொடங்கினாள். சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தால், இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு அவன் காபிக்காகக் காத்திருந்தான்.

"வேணாம்னுதானே சொன்னே?"

"வேணும்னு சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். ஐம்பத்தாறு வருடமாக ரூசே நகரத்தை விட்டு அசையாத மனிதன். ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவான், இல்லை என்றால் மோவாயை மேலே வெட்டுவான். அவன் அப்பாவும் அப்படித்தான், பல்கேரியாவில் தொட்டில் குழந்தையும் அப்படித்தான். மேலும் கீழும் அசைத்து ஆமாம் சொல்வதெல்லாம் டிவியில் வரும் வெளிநாட்டுக்காரர்கள். தலைக்குள் கத்தி போய்வந்திருக்கிறது, ஏதோ ஒரு நரம்பு இடம் மாறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு காபியைப் போட்டுக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. காய்ந்த கோப்பைகளை எடுத்துத் துடைத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

லூபென் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். போன வருடம் கிரேன் கூண்டுக்குள்ளேயே வலிப்பு வந்து விழுந்தான். வலது காதுக்கு மேலே, மண்டைக்குள், வாதுமைக்கொட்டை அளவு ஒரு கட்டி. மூளையில் வருவதிலேயே இதைவிடப் பொல்லாத புற்றுநோய் கிடையாது என்றார்கள். வெட்டினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். வசந்தம் வந்தபோது கட்டியும் திரும்பி வந்தது. இனி எதுவும் இல்லை என்று எல்லோரும் கையை விரித்த பிறகு, தலைநகரத்தில் டாக்டர் ராலேவா என்ற ஒல்லியான பெண்மணி ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையை மேசைமேல் வைத்தார். இஸ்க்ராவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இது எங்கப்பா சாப்பிட்ட மாத்திரையாச்சே. இதயத்துக்கு."

"அதேதான்மா. அம்பது வருஷமா இதயத்துக்குக் குடுக்கற பழைய மாத்திரை. இந்தக் கட்டிமேலயும் இது வேலை செய்யுதோன்னு ஒரு நம்பிக்கை. பரிசோதனைதான், வாக்குக் குடுக்க மாட்டேன். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்டில் எடுத்த ஸ்கேனில் கட்டி வளரவில்லை. அக்டோபரிலும் வளரவில்லை. ராலேவா ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சமாக நின்றார். "சாகலை. ஆனா ஒவ்வொரு செல்லும் தூங்கப் போயிடுச்சு. தூங்கறதை எழுப்பாம பாத்துக்கணும், அவ்வளவுதான் நம்ம வேலை. காலையில ஏழு, மத்தியானம் மூணு, ராத்திரி பதினொண்ணு. நேரம் தவறக்கூடாது."

இஸ்க்ரா நேரம் தவறவில்லை. நில ஆவண அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு, கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். நவம்பர் முழுக்க டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி நாலாவது மாடி ஜன்னல்வரை ஏறி நின்றது. அதற்குள்ளிருந்து கப்பல்களின் சங்கு எந்தத் திசை என்று தெரியாமல் கேட்கும். கீழ்வீடுகளின் நிலக்கரிப் புகையும், யாரோ குடைமிளகாய் சுட்ட கருகல் மணமும் மாடிப்படி வழியாக வந்து திரைச்சீலைகளில் ஒட்டிக்கொள்ளும். சூடாக்கும் குழாய்கள் சுவருக்குள் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கும். மூன்று மணிக்கு மாத்திரையைப் போட்டதும் லூபெனுக்குக் கண் சொருகும். நாலரைக்கு வெளியே இருட்டிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது.

அப்படி ஒரு மத்தியானம், அவள் அலமாரியில் துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கட்டிலிலிருந்து குரல் கேட்டது.

"இது என்னங்க?"

லூபெனின் குரல்தான். கண் மூடியிருந்தது. விரல் போர்வையின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தது.

"போர்வை," என்றாள், தூக்கத்தில் உளறுகிறான் என்று.

"போர்வை," என்றது குரல், மெதுவாக, வாயில் போட்டு ருசி பார்ப்பதுபோல. "இதுங்க?"

"கட்டில் கம்பி."

இருபத்தொன்பது வருடத்தில் அவன் அவளை 'நீங்க' என்று அழைத்ததில்லை. முதல்நாள் நடனத்தில் சந்தித்தபோதே 'ஏய்' என்றுதான் கூப்பிட்டான். ஆனாலும் அவள் பதில் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். விளக்கு. ஜன்னல். பனி. சங்கு. சொல்லாவிட்டால் அந்தக் குரல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டாள். ஒரு வருடமாக அந்த வீட்டில் நோயைத் தவிர வேறு பேச்சில்லை. விழித்திருக்கும் லூபென் சோர்ந்துபோய் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். தூங்குகிறவன்தான் உலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லிக்கொடுத்தாள். மகள் பெயரையும், அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு யோசித்து வைத்திருந்த பெயரையும் சொன்னாள்.

டிசம்பர் முதல் வாரத்தில், எதிர்வீட்டுப் பெஞ்சோ கதவைத் தட்டினார். முப்பது வருடமாக லூபெனோடு சீட்டாடி, சண்டை போட்டு, ராகியா சாராயம் குடித்தவர். கையில் ஊறுகாய் ஜாடி, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"இஸ்க்ரா, உன் புருஷன் நேத்து மத்தியானம் மாடிப்படியில நின்னுட்டிருந்தான். ஒவ்வொரு வீட்டுப் பேர்ப்பலகையா விரல வச்சுப் படிச்சிட்டிருந்தான். கண்ணு மூடியிருந்துச்சு."

"மாத்திரை மயக்கம் அண்ணே. நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன்."

"சரி, மயக்கம். 'டேய், என்னடா பண்றே'ன்னேன். அவன் எம்பக்கம் திரும்பி, 'வணக்கம். நீங்க யாருங்க'ங்கறான்." பெஞ்சோ சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "என்னை 'நீங்க'ன்னான்மா. எங்கம்மாகூட அப்படி மரியாதையா கூப்பிட்டதில்ல." ஜாடியை அவள் கையில் திணித்துவிட்டு, லூபெனைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்று மூன்று மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கதவோரம் நின்றாள். லூபெனின் மூச்சு நீண்டது. வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூச்சின் தாளம் மாறியது. ஒருவர் எழுந்துபோன இருக்கையில் இன்னொருவர் வந்து உட்காரும்போது நாற்காலி கிரீச்சிடுமே, அதுபோல ஒரு சிறு தடங்கல்.

"இஸ்க்ரா. அவன் எப்ப எழுந்திருப்பான்?"

"எவன்?"

"தூங்கறவன்."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கையை வைத்தபடி டாக்டருக்குப் போன் செய்தாள். ராலேவா பொறுமையாகக் கேட்டார். கட்டி இருக்கிற இடம் அப்படி, பேச்சும் ஞாபகமும் கிட்டத்தில் இருக்கின்றன, தூக்கத்தில் பேசுவது, நடப்பது எல்லாம் சகஜம் என்றார். இரவு விளக்கு போடுங்கள், வாசல் கதவைப் பூட்டுங்கள் என்றார்.

"மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாமா, டாக்டர்?"

"இஸ்க்ராம்மா, இந்த நோயில எட்டு மாசம் வளராம நின்ன கட்டிய நான் பாத்ததே இல்ல. நிறுத்தினா அது முழிச்சுக்கும். அப்புறம் எங்கிட்ட வேற மருந்து கிடையாது."

ஜெர்மனியிலிருந்து மகள் நெவேனாவும் அதையேதான் சொன்னாள். அவளுக்கு மார்ச்சில் பிரசவம். "அம்மா, அப்பா கொழந்தையப் பாக்கணும். பேசாம குடுத்துட்டே இரு."

கொடுத்துக்கொண்டே இருந்தாள். தூக்கம் நீண்டது. முதலில் ஒன்றரை மணி நேரம், பிறகு மூன்று, பிறகு மூன்று மணி மாத்திரையிலிருந்து பதினொரு மணி மாத்திரைவரை. காலையில் மட்டும் லூபென் கொஞ்ச நேரம் வந்தான். வந்தான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, வெளியூரிலிருந்து வருவதுபோல. ஒருநாள் லிண்டன் பூ டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்.

"நான் தூங்கறப்ப என்ன பண்றேன்?"

"ஒண்ணும் பண்றதில்ல. தூங்கறே."

"பொய் சொல்லாத." அவன் தன் பாதங்களைக் காட்டினான். உள்ளங்காலெல்லாம் மாடிப்படிக் கரி.

அன்று மூன்று மணிக்கு அவள் மாத்திரையை உறையிலிருந்து பிரித்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கொடுக்கவில்லை. மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்கும் கொடுக்கவில்லை, மறுநாள் ஏழு மணிக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை லூபென் தானே எழுந்து வந்தான். "கிழவி, பசிக்குது," என்றான். நேற்றைய பருப்பு சூப்பைச் சுடவைத்து வெள்ளைச் சீஸோடு கொடுத்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். ஜன்னலைத் திறந்து பனியை முகர்ந்து, ருமேனியக்காரன் அக்கரையில் ரப்பர் எரிக்கிறான் என்று திட்டினான். பெஞ்சோ எப்படியெல்லாம் சீட்டில் ஏமாற்றுவார் என்று நடித்துக் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல வாரங்களுக்குப் பிறகு, அவளால் ஓரிடத்தில் அசையாமல் உட்கார முடிந்தது.

மதியம் அவன் நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மாத்திரை குடுக்கல, இல்ல?"

"குடுக்கல."

"நல்லது பண்ணினே." அவன் அவள் பக்கம் சாய்ந்தான். கண்ணில் இருந்த பயத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. கூண்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த நாளில்கூட இல்லை. "உள்ள இருக்கறப்ப எனக்கு எல்லாம் கேக்குது, இஸ்க்ரா. கதவைச் சாத்திட்டு வெளிய நின்னு பேசற மாதிரி. நீ அதுக்குப் பேரெல்லாம் சொல்லிக்குடுத்தது கேட்டுச்சு. கொழந்த பேரு என்ன வைக்கப் போறாங்கன்னு சொன்னது கேட்டுச்சு. நான் கத்தினேன். நீ அது மூச்சுன்னு நெனச்சே."

அவள் காலிக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"டாக்டர் சொன்னது சரிதான். அந்த மாத்திரை தூங்கத்தான் வைக்குது. யாரைன்னுதான் அவங்களுக்குத் தெரியல." இடது பக்க உதடு லேசாகத் துடித்தது. "செத்தா செத்துட்டுப் போறேன். திரும்ப அங்க அனுப்பிடாத. சத்தியம் பண்ணு."

"சத்தியம்," என்றாள்.

மூன்றரைக்கு வலிப்பு வந்தது.

நாற்காலியோடு விழுந்தான். பல் கிட்டித்தது. உதடு நீலமாகியது. குதிகால் தரையை அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பெஞ்சோ ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பாலத்தில் லாரிகள் மோதிக் கிடந்தன, மூடுபனி, ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். டாக்டர் ராலேவா போனில் கத்தினார்: "எத்தனை வேளை விட்டீங்க? நாலா? ஐயோ! வலிப்பு நின்னு, விழுங்க முடிஞ்ச உடனே ஒண்ணு குடுங்க. உடனே!"

வலிப்பு நின்றது. லூபென் கண்ணைத் திறந்தான். அவளைத் தெரிந்தது. மேலங்கிப் பைக்குள் போன அவள் கையைப் பார்த்தான். பேச முடியவில்லை. மோவாயை மேலே தூக்கினான். ஒருமுறை. இன்னொருமுறை.

அவள் கொடுத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஊசி போட்டு, ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, புதிதாக ஸ்கேன் எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டி மறுபடி அடங்கிவிட்டது, நல்லவேளை என்று ராலேவா சொன்னார். அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

லூபென் திரும்ப வரவில்லை. காலையிலும் வரவில்லை.

அவன் உடம்பில் இருந்த அதற்கு இப்போது கண் திறந்திருந்தது. வீட்டில் எல்லாவற்றின் பெயரும் அதற்குத் தெரியும். சவரம் செய்துகொண்டது. செருப்பை நேராக வைத்தது. பெஞ்சோவைப் பார்த்து 'டேய்' என்றது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "உக்காரு இஸ்க்ரா. ஏன் நடந்துட்டே இருக்கே?" என்று கேட்டது. அவள் நடந்தாள். சமையலறை, கூடம், குளியலறை, கூடம். மகள் வீடியோவில் வந்தபோது அது சிரித்தது, வயிற்றைக் காட்டச் சொன்னது, குழந்தையின் பெயரைச் சொன்னது. நெவேனா அழுதுவிட்டாள். "அம்மா, அப்பா எவ்வளவு தெளிவா பேசறாரு! மார்ச்ல ரெண்டு பேரும் வந்துடுங்க. அப்பா கையில கொழந்தையக் குடுக்கணும்."

"வர்றோம்," என்றது அது.

மறுநாள் மூடுபனி ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. ஆற்றில் சத்தமே இல்லை. குழாய்கள்கூட அடங்கிக் கிடந்தன. கடிகாரம் மட்டும். அவள் மணிக்கட்டில்.

"நேரமாச்சு," என்றது.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. போர்வை மார்புவரை. கண்கள் அவள்மேல்.

அவள் மாத்திரையைப் பிரித்தாள். உறை சரசரத்தது.

"சீக்கிரம். அவன் புரண்டுட்டிருக்கான்."

வாயைத் திறந்தது. நாக்கை நீட்டியது.

அவள் குனிந்தாள். லூபென் வாசனைதான். சோப்பு, புகையிலை, தோல்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை வந்தது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கிரேன் ஓட்டின கை. எலும்பு நொறுங்குகிற பிடி. நகம் உள்ளே இறங்கியது. மாத்திரையை வாயிடமிருந்து விலக்கி, விலக்கி, நடுங்கிக்கொண்டே விலக்கியது.

முகத்துக்கு அந்தக் கையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. யாரோ மூன்றாம் மனிதனுடைய கையைப் பார்ப்பதுபோலக் கண்கள் அதைப் பார்த்தன.

"அவன்தான்," என்றது. நாக்கை நீட்டியபடியே. சொல் குழறியது. "குடு, இஸ்க்ரா. குடுக்கலன்னா வலிப்பு வரும். பாத்தே இல்ல? நீலமாயிடுவான்."

நீலம். குதிகால். தரை.

மார்ச்.

பிடி இறுகியது. கெஞ்சியது. அவளுக்கு அது தெரிந்தது. இருபத்தொன்பது வருடமாகத் தெரிந்த கை.

"லூபென்," என்றாள்.

இன்னொரு கையால் மாத்திரையை எடுத்து நாக்கின்மேல் வைத்தாள்.

வாய் மூடியது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கண்கள் அவளை நன்றியோடு பார்த்தன.

கை இன்னும் பிடித்திருந்தது. பிறகு சுண்டுவிரல் தளர்ந்தது. மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டிவிரல்.

கட்டைவிரல் மட்டும் விடவில்லை. அதை அவள்தான் பிரித்து எடுத்தாள்.